ஓஎஸ் இல்லாத லப்டொப்: கடையிலேயே பார்த்துவிட வேண்டியவை

ஓஎஸ் என்பது வின்டோஸ், லினக்ஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். விலைப்பட்டியலில் 'பிரீடொஸ்' அல்லது 'நோ ஓஎஸ்' என்று இருந்தால் அந்த லப்டொப்போடு வின்டோஸ் உரிமம் வராது. போட்டவுடன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வரலாம், அது பழுதல்ல. இலவசமான லினக்ஸ் பாவிக்கப்போகிறவருக்கு மிச்சம் பிடிக்க இது நல்ல வழி.

"வின்டோஸ் சும்மா போட்டுத் தாறம்" என்று கடைக்காரர் சொன்னால், உரிமத்தைப் பில்லில் தனியாக எழுதித் தருவாரா என்று கேளுங்கள். மாட்டார் என்றால் அது பெரும்பாலும் அக்டிவேற்றர் (உரிமம் இருப்பதாக வின்டோஸை ஏமாற்றும் மென்பொருள்) கொண்டு திறந்த கள்ளப் பிரதி. அக்டிவேற்றரை ஓட்டுவதற்கு வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் வேறு எது உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது.

லப்டொப்பைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்க, போகமுதல் உபுண்டு 24.04 (லினக்ஸில் ஒரு வகை) பென்ட்ரைவ் ஒன்று தயாரியுங்கள். கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி, ஆகவே பென்ட்ரைவ் 8 ஜிபிக்குக் குறையக்கூடாது. ரூஃபஸ் என்ற, பென்ட்ரைவில் எழுதும் மென்பொருளில் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை), யுஇஎஃப்ஐ (லப்டொப் தொடங்கும் முறை) தெரிவுகளை வைத்து எழுதுங்கள். பென்ட்ரைவில் முன்பிருந்த எல்லாம் அழியும்.

கடையில் பூட் மெனுவை (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) திறக்க லெனோவோ, டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. அசூஸ் என்றால் எஸ்கேப். ஏசரும் எஃப்12தான், ஆனால் பல மொடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் (லப்டொப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) அதை இயக்கிவிட வேண்டும். செக்கியூர் பூட்டை (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் காவல்) அணைக்கத் தேவையில்லை. 'ட்ரை உபுண்டு' என்பதைத் தெரிந்தால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. வைஃபை, ஒலி, கமெரா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் எல்லாவற்றையும் பாருங்கள். மூடியைச் சாத்தி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, திரை பழையபடி வருகிறதா என்றும் பாருங்கள். பலர் மறக்கும் சோதனை இது, லினக்ஸில் அடிக்கடி சிக்குவதும் இதுதான்.

இன்னொன்று. உபுண்டுவின் கோப்பு உலாவியில் சிஸ் (sys), ஃபேர்ம்வெயார் (firmware), ஏசிபிஐ (acpi), டேபிள்ஸ் (tables) என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே எம்எஸ்டிஎம் (MSDM) என்ற கோப்பு இருந்தால் தொழிற்சாலையிலேயே வின்டோஸ் உரிமச் சாவி பதித்திருக்கிறது. அதே பதிப்பை நிறுவினால் தானாகவே அக்டிவேற் ஆகும். கோப்பே இல்லாத லப்டொப்பை 'ஒரிஜினல் வின்டோஸோடு வந்தது' என்று விற்றால் நம்பாதீர்கள்.

வின்டோஸ் 11ஐ நீங்களே நிறுவும்போது டிஸ்க் தென்படாவிட்டால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லப்டொப்களில் விஎம்டி (VMD) என்ற, டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் இன்டெல் வசதி இயங்கிக்கொண்டிருக்கும், அதனால் வின்டோஸ் நிறுவலுக்கு டிஸ்க் தெரியாமல் போகும். பயோஸில் அதை நிறுத்துங்கள், அல்லது அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி (RST) டிரைவரைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து ஏற்றுங்கள். ஏசரில் அந்தத் தெரிவு ஒளிந்திருந்தால், பயோஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் வெளியே வரும். வைஃபை டிரைவரையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், நிறுவலின் நடுவே இணையம் கேட்கும். இல்லாவிட்டால் போனைக் கேபிளில் இணைத்து டேட்டாவைப் பகிரலாம்.

வொரன்டி அட்டையிலும் பில்லிலும் தொடரிலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுதானால் இங்கே திருகோணமலையிலேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓஎஸ்ஸை மாற்றினால் வொரன்டி போய்விடும் என்று யாராவது சொன்னால், அது அட்டையில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

உபுண்டுவில் ரெங்கநாதன் விசைப்பலகை (இலங்கையில் பாவிக்கும் தமிழ்த் தட்டச்சு அமைப்பு) வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்த பிறகு, விசைப்பலகை அமைப்பில் தமிழின் கீழ் தேடுங்கள்.