பரிசளிக்கக் குறைந்த விலையில் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

கல்லூரியில் சேரும் தங்கை மகளுக்கோ, ஓய்வு பெற்ற பெரியப்பாவுக்கோ கேமரா வாங்கித் தர நினைப்பவர்கள் கடைக்குப் போய் விலை கேட்பதற்கு முன், அவர்கள் எதைப் படமெடுக்க ஆசைப்படுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஓரளவு நல்ல செல்போன் இன்று எல்லார் கையிலும் இருப்பதால், போன் எடுக்கும் அதே படத்தை எடுக்கும் கேமரா இரண்டே மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும். போன் தடுமாறும் இடங்கள் முக்கியமாக இரண்டு: வெகு தொலைவில் உள்ளதை அருகே கொண்டுவருவது, மங்கிய வெளிச்சத்தில் அசையும் ஆளைத் தெளிவாகப் பிடிப்பது. கொடுக்கிற பணம் இந்த இரண்டில் ஒன்றுக்காவது உதவ வேண்டும்.

இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘48 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்’ என்று விற்கப்படும் பெயர் தெரியாத கேமராக்களை அறவே தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் அவற்றில், ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் என்ற சில்லு மிகச் சிறியதுதான். அது எடுத்த படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கித்தான் அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். டிஜிட்டல் ஜூம் என்பதும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறில்லை. ஆல்பத்துக்கு 12-க்கு 8 அங்குலப் பிரிண்ட் போட ஒன்பது மெகாபிக்சல் போதும் என்பதால், மெகாபிக்சலைப் பெரிதாகச் சொல்லி விற்பவரிடம் சென்சாரின் அளவையும் லென்ஸே காட்சியைப் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூமையும் கேளுங்கள்.

பெரியப்பாவுக்குப் பறவைகள் மேல் விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்குள் உள்ள மரங்களிலேயே கூடு கட்டுவதால், அவற்றை எடுக்கச் சாதாரண ஜூமே போதும். ஆனால் தை, மாசி மாதங்களில் குளத்தின் நடுவே இறங்கி நிற்கும் வரித்தலை வாத்துகள் போனில் வெறும் புள்ளிகளாகவே தெரியும். இவருக்கு ஏற்றது, லென்ஸ் கழற்ற முடியாத நீள் ஜூம் கேமரா. கேனான் எஸ்எக்ஸ்70-இல் 65 மடங்கும், நிக்கான் பி950-இல் 83 மடங்கும் ஆப்டிகல் ஜூம் உண்டு. ஆனால் பி950 ஒரு கிலோ எடை இருக்கும் என்பதால், கழுத்துவலி உள்ளவருக்கு முன்னதே மேல். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இரண்டிலும் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் பின்பக்கத் திரை கண்ணுக்கே தெரியாது என்பதால், இது கட்டாயம் வேண்டும்.

தங்கை மகளின் ஆசை வேறாக இருக்கலாம். ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் முகத்தையும், நள்ளிரவுச் சாமக்கொடையில் தீப்பந்த வெளிச்சத்தில் சாமியாடுபவரையும் எடுக்க நினைப்பவளுக்கு நீள் ஜூம் கேமரா ஏமாற்றத்தையே தரும். அதிலுள்ள சென்சார் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. கேனான் 1500டி போன்ற ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரின் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமராவின்) சென்சாரோ 22 மில்லிமீட்டருக்கும் மேல் அகலமுடையதாய், பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு பெரியதாக இருப்பதால், கூடுதல் வெளிச்சத்தை வாங்கும். அத்துடன் வரும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் பகலில் நடக்கும் ஆனித் தேரோட்டத்துக்கு நன்றாக உதவும். இரவுக்கு 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸைத் தனியாக வாங்கிக் கொடுங்கள் (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). 18-55-ஐ முழுக்க நீட்டினால் கிடைக்கும் எஃப்/5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் இதன்வழி உள்ளே வரும். நிக்கான் டி3500 போன்றவற்றில் ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் இல்லாததால், விலை குறைவு என்று, தனக்குள் மோட்டார் இல்லாத ‘டி’ வகை 50 லென்ஸை வாங்கிவிட்டால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

புதியதன் விலை கையைக் கடித்தால், பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவதில் தவறே இல்லை. என்னைக் கேட்டால், அதே விலையில் வரும் மட்டமான புதிய கேமராவைவிட அதுவே சிறந்த பரிசு. கல்யாண வேலைக்கு ஓடிய கேமராக்கள் நிறைய விற்பனைக்கு வரும் என்பதால் ஷட்டர் (படமெடுக்கும்போது திறந்து மூடும் திரை) எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே அந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும்; டி3500-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதால், எண்பதாயிரத்தைத் தாண்டியதை விட்டுவிடலாம். அடுத்து, எஃப்/16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே திருப்பி எடுத்தாலும் ஒரே இடத்தில் கறும்புள்ளி தெரிந்தால் அது சென்சாரில் படிந்த தூசு. ஆடிக் காற்றில் வெளியே நின்று லென்ஸ் மாற்றியவர்களின் கேமராவில் இது சகஜம். துடைத்துவிடலாம் என்பதால் இதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

துடைக்க முடியாதது லென்ஸுக்குள் பிடிக்கும் பங்கஸ் என்னும் பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் போனின் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்லிய வெண்ணிற நூல்கள் கிளைகிளையாகப் படர்ந்திருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தென்காசி, குற்றாலம், பாபநாசம் பக்கம் சாரல் காலத்தில் துணி காய்வதற்கே நாளாகும். அந்த ஈரத்தில் தோல் பையோடு பூட்டி வைத்த லென்ஸில் பங்கஸ் எளிதில் பிடித்துவிடும். ஆகையால் அழகான கேமரா பையைவிட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் உங்கள் பரிசை நெடுநாள் காப்பாற்றும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாக வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்பதைப் பெறுபவரே கண்டுகொள்வார்.

மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி ஆகியவற்றுக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். கார்டை விலாசம் தெரிந்த கடையில் வாங்குங்கள். மலிவு கார்டுகளில் போலிகள் அதிகம். புதிய கேமராவானால் ஜிஎஸ்டி பில்லைப் பெறுபவரின் பெயரிலேயே போடச் சொல்லி, அதிலுள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே சரிபாருங்கள். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த கேமராவுக்கு இந்தியாவில் வாரண்டி கிடைப்பது அரிது. பரிசுத் தாளில் சுற்றுவதற்கு முந்தின இரவே பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, கார்டைப் போட்டு, தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்துவிட்டால், கையில் வாங்கிய அந்த நிமிடமே அவர்கள் முதல் படத்தை எடுக்கலாம்.