ஆன்டிபயாடிக் முடிந்த கையோடு அரிப்பா?

சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த சில நாளில் பிறப்புறுப்பில் அரிப்பும், தயிர்த் திட்டு போல வெள்ளைப்படுதலும் வருகிறதா? பயப்படாதீர்கள், உங்கள் சுத்தத்தில் குறை எதுவும் இல்லை. யோனியில் இயல்பாகவே வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து மற்ற கிருமிகளை அடக்கி வைக்கின்றன. மருந்து அவற்றையும் சேர்த்துக் கொல்லும்போது கேண்டிடா என்ற பூஞ்சை பெருகிவிடுகிறது. ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கொல்லாது. அதனால் மிச்சம் இருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்கவே வேண்டாம். சோப்புப் போட்டு உள்ளே கழுவுவதும் கூடாது, எரிச்சல்தான் கூடும். பூஞ்சைக்கு மருந்து தனி, டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூஞ்சையைக் கொல்லும் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தவிர்த்து, உள்ளே வைக்கும் மருந்தோ க்ரீமோ தருவார்கள்.

அப்புறம், கருத்தடை மாத்திரை. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் அதன் பலனைக் குறைப்பதில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் குறைக்கும், நிறுத்திய பிறகும் 4 வாரம் வரை. அந்த நாட்களில் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். எந்த ஆன்டிபயாடிக் ஆனாலும் சரி, கருத்தடை மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள்.