யூஸ்டு டு, அகோ, லேட்: கடந்த காலத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

நேர்முகத் தேர்வில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்கிறார்கள். “ஐ யூஸ்டு டு ரீட் எவ்ரி நைட்” என்று பதில் வருகிறது. தினமும் இரவில் படிக்கும் பழக்கம் உண்டு என்பது சொன்னவரின் எண்ணம். கேட்டவருக்கோ, முன்பு படித்தார், இப்போது விட்டுவிட்டார் என்றுதான் தோன்றும். தமிழில் ‘படிப்பது வழக்கம்’ என்றால் அந்தப் பழக்கம் தொடர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். யூஸ்டு டு அந்த வசதியைத் தராது. முன்காலத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பலவும் இப்படித்தான், இன்றைய நிலையையும் கூடவே சொல்லிவிடும்.

இன்றும் தொடரும் பழக்கத்துக்கு “ஐ ரீட் எவ்ரி நைட்” போதும். வழக்கமாக என்ற சாயல் வேண்டுமானால் “ஐ யூஷுவலி ரீட் அட் நைட்”. சிலர் கடைசி டி-யை எடுத்துவிட்டு “ஐ யூஸ் டு ரீட்” என்று எழுதி, அதுதான் நிகழ்காலம் என்று நம்புகிறார்கள். அப்படி ஒரு நிகழ்கால வடிவமே கிடையாது. டி போவது டிட் வரும் இடத்தில்தான்: “டிட் யூ யூஸ் டு ஸ்மோக்?”, “ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காஃபி”. இறந்தகாலத்தை டிட் ஏற்கெனவே சுமந்துவிடுவதால் இன்னொரு முறை அதைக் காட்டத் தேவையில்லை. பேச்சில் இரண்டும் ‘யூஸ்ட’ என்றுதான் காதில் விழும். அதனால் பிழை எழுத்தில்தான் அம்பலமாகும்.

எத்தனை ஆண்டுகள், எத்தனை தடவை என்று கணக்கு வந்துவிட்டால் யூஸ்டு டு ஒதுங்கிவிட வேண்டும். “ஐ யூஸ்டு டு லிவ் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” தவறு. “ஐ லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” சரி. மூன்று முறை போனேன் என்பதற்கும் “ஐ வென்ட் தேர் த்ரீ டைம்ஸ்”தான். ஆனால் வாரத்துக்கு மூன்று முறை போவேன் என்பது வழக்கமாகிவிடுவதால், “ஐ யூஸ்டு டு கோ த்ரீ டைம்ஸ் எ வீக்” என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதோடு குழம்பும் இன்னொன்று, முன்னால் ஆம் அல்லது இஸ் சேர்ந்து வரும் யூஸ்டு டு. “ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட்” என்றால் முன்பு இரவு வேலை பார்த்தேன். “ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்” என்றால் இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது. இரண்டாவதில் வினைச்சொல்லுக்கு இங் கட்டாயம். இரவுப் பணிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், அதை விட்டு வந்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

‘அப்போதெல்லாம் செய்வேன்’ என்பதற்கு வுட் என்ற சொல்லும் உண்டு. திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு மட்டும்தான் அது பொருந்தும், நிலைக்குப் பொருந்தாது. “எவ்ரி சண்டே வீ வுட் விசிட் ஹர்” சரி. முன்பு இங்கே ஒரு கிணறு இருந்தது என்பதை “தேர் வுட் பி எ வெல் ஹியர்” என்றால், இனி இருக்கும் அல்லது இருக்கக்கூடும் என்று பொருள் புரண்டுவிடும். “தேர் யூஸ்டு டு பி எ வெல் ஹியர்” என்பதே சரி. இருத்தல், வைத்திருத்தல், தெரிந்திருத்தல், பிடித்தல் ஆகிய எல்லாமே நிலைகள். இவற்றுக்கு யூஸ்டு டு அல்லது வெறும் இறந்தகாலம். வுட் போடுமுன் எந்தக் காலத்தைப் பற்றிய பேச்சு என்பதும் தெளிவாகியிருக்க வேண்டும்.

அடுத்து, தமிழிலிருந்து அப்படியே பெயர்ந்து வரும் பிழை: “பிஃபோர் டூ இயர்ஸ்”. இரண்டு வருடத்துக்கு முன் என்பதன் நேர் நகல். ஆங்கிலம் கேட்பது, எங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம் என்று. இன்றிலிருந்து என்றால் அகோ: “டூ இயர்ஸ் அகோ”. கடந்த காலத்தில் ஒரு புள்ளியிலிருந்து என்றால் பிஃபோர்: “ஐ ஜாயின்ட் இன் 2015. ஷி ஹேட் லெஃப்ட் டூ இயர்ஸ் பிஃபோர்.” அவர் போனது 2013. இரண்டிலும் எண்தான் முதலில் வரும். அகோ வந்தால் ஹேவ் வரக்கூடாது. “ஐ ஹேவ் ஜாயின்ட் டூ இயர்ஸ் அகோ” தவறு, “ஐ ஜாயின்ட்” போதும். யெஸ்டர்டே, இன் 2010 போன்றவற்றுக்கும் இதே விதி.

மேலே வந்த ஹேட் இன்னொரு கண்ணி. “யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு த பேங்க்” என்று சொல்வது மிடுக்காக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கேட்பவர் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். போனதற்குப் பிறகு நடந்த வேறொன்று வரவேண்டுமல்லவா? கடந்த காலத்தில் இரண்டு நிகழ்வுகள் இருந்து, முந்தியதைப் பிரித்துக் காட்ட வேண்டியபோதுதான் ஹேட். தனியாக ஒரு நிகழ்வு என்றால் “ஐ வென்ட்”.

மனிதர்களுக்கு முன் போடும் சொற்களில் பிசகினால் சங்கடம் கூடுதல். நெல்சன் மண்டேலாவை எடுத்துக்கொள்வோம். அவர் தென்னாப்பிரிக்க அதிபராக இருந்தது 1994 முதல் 1999 வரை, மறைந்தது 2013-இல். 1995 ரக்பி உலகக் கோப்பையை வழங்கியவர் அவர். அந்த நிகழ்வை இன்று எழுதும்போது “த தென் பிரசிடென்ட்”, அதாவது அப்போதைய அதிபர். 2005-இல் அவர் பேசியதைச் சொன்னால் ஃபார்மர் பிரசிடென்ட், அதாவது முன்னாள் அதிபர். “த லேட் நெல்சன் மண்டேலா கோப்பையை வழங்கினார்” என்ற தொனியில் எழுதினால், மறைந்தவர் வந்து கொடுத்ததுபோல் ஆகிவிடும். லேட் என்பதைச் சமீப காலத்தில் மறைந்தவர்களுக்கே போடுவார்கள். ஷேக்ஸ்பியருக்கு யாரும் போடுவதில்லை.

முன்னாள் என்பதற்கு எக்ஸ் என்பது பேச்சு வழக்குக்குச் சரி. ஆனால் “மை எக்ஸ்” என்று தனியே நின்றால் முன்னாள் துணைவரைத்தான் குறிக்கும். அலுவலகக் கடிதத்தில் ஃபார்மர் பாதுகாப்பானது, நட்பைப் பற்றிப் பேசும்போது தவிர. “மை ஓல்ட் ஃபிரெண்ட்” நெடுநாள் நண்பர். “மை ஃபார்மர் ஃபிரெண்ட்” என்றால் இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள்.

சில்லறைப் பிழைகள் சில. “யெஸ்டர்டே நைட்” என்பதைவிட “லாஸ்ட் நைட்” இயல்பு. “டுடே மார்னிங்” வேண்டாம், “திஸ் மார்னிங்”. போன வாரத்துக்கு முந்தின வாரம் என்பது “லாஸ்ட் டு லாஸ்ட் வீக்” அல்ல, “த வீக் பிஃபோர் லாஸ்ட்”. அந்தக் காலத்தில் என்பதற்கு “இன் தோஸ் டேஸ்”, முன்னால் இன் வேண்டும். இந்தக் காலத்தில் என்பதற்கு “தீஸ் டேஸ்”, அங்கே இன் வேண்டாம். “ஒன்ஸ் அப்பான் எ டைம்” என்பதைக் கதைப் புத்தகத்துக்கு விட்டுவிட்டு, “அட் ஒன் டைம்” என்று எழுதுங்கள்.