மலைக்குளிரில் கிடார் பழகுதல்

கிடார் வாங்கப் போகிறவர்கள் எந்த நிறுவனத்தின் கிடாரை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குன்னூரில் பொழுதுபோக்காகப் பல ஆண்டுகள் வாசித்துவரும் நான், அதை வீட்டில் எந்தச் சுவரோரம் வைக்கப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். கிடாரின் மரம் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் நலமாக இருக்கும். இங்கோ, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், குன்னூருக்கு அதில்தான் மழை அதிகம். ஈரத்தை உறிஞ்சிய மேற்பலகை உப்பி, தந்திகளை ஃப்ரெட்டிலிருந்து, அதாவது கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பியிலிருந்து, மேலே தூக்கிவிடுகிறது. நேற்று எளிதாக அழுந்திய தந்தி இன்று விரலை அறுக்கும்போது, புதிதாகப் பழகுகிறவர் தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்.

நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் கிடாரை மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். பூஞ்சை பூத்ததைக் கண்டு பதறி, ஹீட்டருக்கு அருகில் வைத்து உலர்த்தினேன். இரண்டே நாளில், மேற்பலகையில் ஒட்டித் தந்திகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜின் பசை விட்டுப்போயிற்று. இப்போது உட்சுவர் ஓரமாக, பைக்குள், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்திருக்கிறேன். பக்கத்தில் சில நூறு ரூபாய் விலையுள்ள ஈரப்பதமானி ஒன்றும் இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, ஸ்டீல் தந்தி போட்ட, பழகுவதற்கு ஏற்ற அக்கூஸ்டிக் கிடார் ஏறக்குறைய 5,000 ரூபாயிலிருந்து கிடைக்கும். யமஹாவின் தொடக்கநிலைக் கிடார்கள் 10,000 ரூபாயை ஒட்டி வரும். கையிலுள்ள தொகை முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாமல், 1,000 ரூபாயையாவது ஒதுக்கி, விவரம் தெரிந்தவரிடம் தந்தியின் உயரத்தைச் சரிசெய்து வாங்குவது நல்லது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஸ்ருதி பார்க்கும் ட்யூனர் தனியாக வாங்க வேண்டியதில்லை, கைப்பேசிச் செயலியே போதுமானது. பழைய கிடார் வாங்குவதாயின், பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நைலான் தந்திக்கென்று செய்த கிடாரில் ஸ்டீல் தந்தியைப் பூட்டவே கூடாது. அந்த இழுவிசையை அது தாங்காது.

பயிற்சியை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதைக் காட்டிலும், நாள்தோறும் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வதே பலன் தரும், ஏனெனில் விரல்நுனி காய்த்துக் கெட்டிப்படச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நாள் கணக்கில் விட்டுவிட்டால் மறுபடியும் வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் விறைத்த விரலோடு உட்காராதீர்கள். சூடான தேநீர்த் தம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாலே விரல் இளகிவிடும். ஸ்ருதியையும் ஐந்து நிமிடம் வாசித்த பிறகு மீண்டும் ஒருமுறை பாருங்கள், கைச்சூட்டில் தந்தி சற்று நெகிழ்ந்து ஸ்ருதி இறங்கியிருக்கும்.

பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரலமைப்பைக் கார்டு (chord) என்பார்கள்; முதலில் ஈ மைனர், பிறகு ஜி, சி, டி என்ற நான்கு கார்டுகள் போதும். விரலை ஃப்ரெட்டின் மேலேயே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால், பாதி வலுவிலேயே ஒலி தெளிவாக வரும். தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஒன்று மந்தமாக ஒலித்தால், பெரும்பாலும் பக்கத்து விரல் அதன்மேல் சாய்ந்திருக்கும். பிறகு இரண்டு கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தப்பில்லாமல் மாற்ற முடிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். என் குறிப்பேட்டில் முதல் வாரத்தில் 8 என்றிருந்தது, ஆறாவது வாரத்தில் 34 ஆயிற்று. அந்த எண்தான் என்னை மறுநாளும் உட்கார வைத்தது.

தாளம் நமக்குப் புதிதன்று. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் காலால் தட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கீழ்நோக்கி மீட்டினால், மேற்கத்திய நான்கு கால அளவில் இரண்டு சுற்று முடிந்துவிடும். பாடுகிறவர் ஆறு கட்டை ஸ்ருதி, அதாவது மேற்கத்திய முறையில் ஏ, கேட்கிறார், உங்களுக்கோ ஜி கார்டை ஒட்டிய அமைப்புதான் வசப்பட்டிருக்கிறது என்றால், எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டி, ஜி அமைப்பையே வாசியுங்கள்; அது ஏ ஆகி, ஆறு கட்டையாக ஒலிக்கும். எஃப் கார்டில்தான் பலர் கிடாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள். ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் அழுத்துவது இரண்டொரு மாதத்தில் வந்துவிடாது. அதுவரை மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் மீட்டும் சிறிய எஃப் போதும், கேட்பவர் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

தந்தி மாற்றுவதற்குச் சமவெளிக் கணக்கு இங்கே ஒத்துவராது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்காமல் விட்டால், மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே துரு ஏறிவிடும். பத்து அல்லது பதினொன்று அளவுள்ள (மிக மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மெல்லிய தந்திச் செட் இரண்டை முன்கூட்டியே வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருங்கள். ஒன்றை நவம்பர் மழை முடிந்ததும் மாட்டலாம், மற்றொன்று நள்ளிரவில் ஏதாவதொரு தந்தி அறுந்துபோகும்போது உதவும்.