முதியோர் இல்ல விரிவாக்கத்துக்கு ஆட்சேபணை எழுதுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கன்னங்குறிச்சி, கோரிமேடு, ஏற்காடு அடிவாரம் என்று மலையைப் பார்த்த பக்கத்தில் முதியோர் இல்லத்துக்கு இடம் தேடுபவர்கள் அதிகம். பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற ஊரில் அப்படிப்பட்ட இல்லங்கள் வேண்டியதுதான். ஏற்கெனவே இருக்கும் இல்லம் பக்கத்து விவசாய நிலத்துக்கும் நில உபயோக மாற்றம் கேட்கும்போதுதான் தெருவில் பேச்சு கிளம்புகிறது. குடியிருப்போர் சங்கங்களுக்கு மனு எழுத உதவப் போனால், முன்பு எங்கள் நகரில் இப்படியொரு விரிவாக்கத்துக்கு நாங்கள் ஆட்சேபணை எழுதியபோது நடந்த அதே தவறுகள் இன்றும் நடக்கின்றன. தேதி போட மறப்பது, கையெழுத்து விடுபடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. மற்றதைச் சொல்கிறேன்.

வேறு வாசலில் மனு கொடுப்பது

திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸுக்கு ஊரே திரண்டு போகும். அதே வாரம் செய்தித்தாளில் வந்த அறிவிப்பின் கடைசித் தேதி யாரும் கவனிக்காமல் முடிந்துபோகும். முழுமைத் திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) ஒரு நிலத்தின் வகைப்பாட்டை மாற்றுவது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் நடக்கிற வேலை. ஆட்சேபணை எங்கே, எந்தத் தேதிக்குள் என்று அறிவிப்பிலேயே இருக்கும். அந்த முகவரிக்கு முதலில் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கலெக்டரைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

முதியவர்களை எதிர்த்து எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்கள் மனு மூன்று பக்கம். முதல் வரியே, "இங்கு முதியோர் அதிகரித்தால் அடிக்கடி மரணம் நிகழும், அமரர் ஊர்தி வந்து போகும், குழந்தைகளின் மனம் பாதிக்கும்." அடுத்தது ஆம்புலன்ஸ் சத்தம். அதற்கடுத்து மனை விலை குறையும் என்ற கவலை. மூன்றாம் பக்கத்தில், எட்டாவது குறிப்பாக ஒரே வரி: "மேலும் அந்த நிலத்தின் வடபுறம் ஓர் ஓடை உள்ளது." சர்வே எண் இல்லை, வரைபடம் இல்லை. நான்காவது கையெழுத்துப் போட்டவருக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது.

விசாரணையில் முதல் பக்கத்தைத் தாண்டிப் பேச்சு போகவே இல்லை. எதிர்த்தரப்புக்கு 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் ஒன்றே போதுமாக இருந்தது. ஆதரவற்ற மூத்த குடிமக்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று அரசுக்கே சொல்கிற சட்டம் அது. அப்படியிருக்க, வயதானவர்கள் எங்கள் தெருவுக்கு வேண்டாம் என்பதை எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்? ஏற்றுக்கொள்ளவும் கூடாது. ஆனால் அந்த வெறுப்போடு சேர்ந்து ஓடையும் அடிபட்டுப்போனது. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை இறங்கி மூக்கனேரிப் பக்கம் போக வேண்டிய வழி அது. இப்போது அங்கே காம்பவுண்டு சுவர் நிற்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் திரும்பி, கடைசி மூன்று வீடுகளின் வாசற்படி வரை ஏறுகிறது.

அன்று தேவைப்பட்டது ஒரே பக்கம். புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) அரசின் இணையச் சேவையில் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்தாலே பார்க்கலாம். புலப்படத்தில் ஓடை எந்தப் பக்கம் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று கோடு காட்டும். அது தனி எண்ணில் இருந்தால் அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். இரண்டின் நகலையும், மழை நாளில் எடுத்த போட்டோ ஒன்றையும் வைத்து, "இந்த எண்ணில் உள்ள நீர்வழிக்கு விரிவாக்கத்தில் என்ன ஏற்பாடு?" என்று கேட்டிருந்தால், பதில் சொல்லாமல் கோப்பு நகர்வது கஷ்டம்.

ஆகவே மனுவை எழுதி முடித்ததும் ஒரு தடவை படியுங்கள். உங்கள் அம்மா அப்பா முன்னால் சத்தமாகப் படிக்கக் கூசுகிற வரிகளை அடித்துவிடுங்கள். ஓடை, கிணறு, கழிவுநீர், சாலை: மிஞ்ச வேண்டியது இவைதான்.

"சாலை குறுகலானது"

எத்தனை மீட்டர்? 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது சாலை அகலத்தையும் பொறுத்தது. டேப் பிடித்து, இருப்பதிலேயே ஒடுங்கிய இடத்தில் அளந்து எழுதுங்கள்.

ஒரே கடிதத்தை நூறு நகல் எடுப்பது

படிப்பவருக்கு அது ஒரே ஆட்சேபணைதான். பள்ளத்து வீட்டுக்காரர் தன் கிணற்றைப் பற்றித் தனியாக எழுதட்டும்.

ஆர்டிஐ பதிலுக்காகக் காத்திருப்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபணைத் தேதி அதுவரை நிற்காது.

ஏற்காட்டுக்கும் இதே மனு

மேலே நிலைமை வேறு. 1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் கிராமம் என்றால் அந்த ஒப்புதலும் தேவைப்படும். அங்கே சரிவு, மண் பிடிப்பு, மரம் வெட்டுதல் பற்றி எழுத வேண்டும்.

"வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வது

அனுமதி கிடைத்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ஒருவேளை கொடுப்பதானால் என்னென்ன நிபந்தனை வேண்டும் என்று மனுவின் கடைசிப் பத்தியில் கேட்டுவிடுங்கள்: சர்வே கல் நட்டு ஓடையை அளந்து விடுவது, கழிவுநீரை உள்ளேயே சுத்திகரிப்பது, ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்ப இடம், பார்வையாளர் வண்டிகளுக்கு வளாகத்துக்குள்ளேயே நிறுத்தம். கடைசி இரண்டும் அங்கே தங்கப்போகிற முதியவர்களுக்கும் நல்லது. நில உபயோகம் மாறிய பிறகு கட்டட அனுமதி என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. நிபந்தனைகள் அந்த வரைபடத்தில் ஏறியிருக்கின்றனவா என்று அப்போது போய்க் கேளுங்கள்.