சோக்கெகிராவ் மலைப்பாதை: முதுகுப்பையுடன் முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

பெரு நாட்டில் இன்கா காலத்து இடிபாடுகளைப் பார்க்கச் செல்லும் பெரும்பாலோர் மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அதே வில்கபம்பா மலைத்தொடரில், அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் சோக்கெகிராவ் என்னும் மற்றொரு இன்கா நகரம் இருக்கிறது. அங்கே செல்ல ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. நடந்து போகலாம், அல்லது குதிரையிலோ கோவேறு கழுதையிலோ போகலாம். புகழ்பெற்ற இன்கா பாதையில் சுமைதூக்கிகளும் வழிகாட்டிகளும் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி உண்டு. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சோக்கெகிராவுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. நீங்களே திட்டமிட்டு, உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு, உங்கள் வேகத்தில் நடக்கலாம். நான் அப்படி நடந்து வந்த பிறகு எழுதும் விளக்கம் இது. விசா, விமானச்சீட்டு, காப்பீடு ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் நேராகப் பாதைக்கு வருகிறேன்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் மண்சரிவும் பாதையை ஆபத்தாக்கும். முதன்முறை செல்வோர் அந்த மாதங்களை அறவே தவிர்க்க வேண்டும். என் பரிந்துரை மே மாதத்தின் பிற்பகுதி. மழை நின்றிருக்கும், மலைச்சரிவுகளில் பசுமை மிச்சமிருக்கும்.

படி 2: உடலை உயரத்துக்குப் பழக்குதல்

கடல் மட்டத்தில் உள்ள லிமாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை சேர்ந்து வரும் உயர நோயை அங்கே ‘சொரோச்சே’ என்பார்கள். வந்திறங்கிய அன்றே குஸ்கோவில் தங்காமல், வாடகை வண்டி பிடித்து ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒல்லாந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுவது நல்லது. அங்கே இரண்டு இரவுகள் தங்கி, ஊருக்கு மேலே நிற்கும் இன்கா படிக்கட்டு வயல்களில் மெதுவாக ஏறி இறங்கினால் நுரையீரலும் காலும் ஒருசேரப் பழகும். அந்த இடம், பிசாக், குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சய்வாமன் ஆகிய மூன்றுக்கும் ‘போலெத்தோ துரிஸ்திக்கோ’ என்னும் ஒரே கூட்டுச்சீட்டு போதும். அது மச்சு பிச்சுவுக்கும் சோக்கெகிராவுக்கும் செல்லாது.

நெஞ்சில் மூச்சுத்திணறலோ தடுமாற்றமோ குழப்பமோ தோன்றினால் மாத்திரையை நம்பி மேலே நிற்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். மருத்துவரிடமும் செல்ல வேண்டும். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதானால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: பையை நிரப்புதல்

கூடாரம், பாய், ஸ்லீப்பிங் பேக், இரண்டு மாற்றுடை, மழைச்சட்டை, உணவு எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோவுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நடை தொடங்கும் கச்சோரா ஊரில் ‘அரியேரோ’ எனப்படும் கோவேறு கழுதைக்காரரை அமர்த்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. கூலி அந்த ஊர்க் குடும்பங்களுக்கே நேராகப் போய்ச் சேர்கிறது.

எரிவாயுக் குடுவையை விமானத்தில் கொண்டுவர முடியாது. குஸ்கோவின் மலையேற்றக் கடைகளில் திருகு மூடிக் குடுவைகள் கிடைக்கும். தண்ணீருக்கு மாத்திரையைவிடப் பிழிந்து வடிக்கும் சிறு வடிகட்டியையே நான் விரும்புகிறேன். மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெயிலில் நாக்கு வறண்டு நிற்பவர் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. இரண்டு ஊன்றுகோல்கள், தலையில் மாட்டும் விளக்கு, கடிக்கும் சிறு ஈக்களை விரட்டும் பூச்சு ஆகிய மூன்றையும் விட்டுச் செல்லாதீர்கள். ஆற்றங்கரையில் அந்த ஈக்கள் கடித்த தடிப்பு பல நாள் அரிக்கும். அரைக்கால் சட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு முழுக்கால் சட்டை அணியுங்கள். வரைபடத்துக்கு, இணைப்பு இல்லாமலே இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் குஸ்கோ, அபுரிமாக் பகுதிகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கச்சோராவுக்குச் செல்லுதல்

குஸ்கோவிலிருந்து அபன்காய் செல்லும் பேருந்தில் ஏறி, கச்சோரா பிரிவுச்சாலையில் இறங்கிக்கொள்ள வேண்டும். பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ‘ராமால் தே கச்சோரா’ என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். அங்கே பெரிய நிறுத்தம் எதுவும் இல்லை. பிரிவிலிருந்து பங்குக் கார்கள் ஊருக்குள் இறங்குகின்றன. பணத்தைக் குஸ்கோவிலேயே சிறு நோட்டுகளாக எடுத்துவிடுங்கள். பாதையில் எல்லாமே ரொக்கம்தான். கச்சோராவிலிருந்து கபுலியோக் பார்வைமுனை வரை நடக்கலாம் என்றாலும், அந்தத் தூரத்தை வாடகை வண்டியில் கடந்து முழங்காலைக் காப்பாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

படி 5: இறங்கி ஏறுதல்

இந்தப் பாதையில் எல்லோரையும் திணறவைக்கும் இடம் இதுதான். என்னையும் இதுவே திணறவைத்தது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கச்சோராவிலிருந்து ஒருவழித் தூரம் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று படிப்பவர், நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் எளிதுதானே என்று எண்ணிவிடுவார். இங்கே கிலோமீட்டர் எதையும் சொல்லாது. செங்குத்து மீட்டரைத்தான் கணக்கிட வேண்டும். கபுலியோக் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து அபுரிமாக் ஆற்றங்கரையில் உள்ள ப்ளாயா ரோசலினாவுக்கு, அதாவது ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு, வளைந்து வளைந்து இறங்க வேண்டும். பாலத்தைக் கடந்ததும் எதிர்மலையில் மறுபடியும் அதே அளவு ஏறினால்தான் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் உள்ள மராம்பாட்டா சிற்றூர் வரும். திரும்பும்போது இதே இறக்கமும் இதே ஏற்றமும் உண்டு. பாதையின் மிக உயர்ந்த இடம் குஸ்கோவைவிடத் தாழ்வானது. ஆகவே இங்கே உயரத்தைவிட வெப்பத்துக்கும் சரிவுக்கும்தான் அஞ்ச வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் கள்ளிச்செடிகளும் முட்புதர்களும் வளரும் வறண்ட நிலம். நிழல் மிகக் குறைவு. காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சரிவில் ஏறுவது, குளிர்நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பையே அழித்துவிடும்.

எனவே ஒவ்வோர் ஏற்றமும் விடியலில் தொடங்குமாறு நாட்களை அமைக்க வேண்டும் என்பதே என் முழுத் திட்டமும். நான்கு நாளில் முடிக்கும் சுற்றுலாத் திட்டங்கள் பல விற்கப்படுகின்றன. முதன்முறை செல்வோருக்கு ஐந்து நாள் தேவை என்று நான் உறுதியாகச் சொல்வேன். முதல் நாள் கபுலியோக்கிலிருந்து இறங்கி, வழியில் 1,900 மீட்டர் அளவில் உள்ள சிக்கிஸ்காவில் மதியம் ஓய்ந்து, வெயில் தணிந்தபின் ஆற்றங்கரைக்குப் போய்த் தங்குங்கள். இரண்டாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு விளக்குடன் பாலத்தைக் கடந்து ஏறத் தொடங்கினால், வெயில் ஏறும் நேரத்தில் ஏற்றத்தின் நடுவே உள்ள சாந்தா ரோசாவைத் தாண்டியிருப்பீர்கள். மதியத்துக்குள் மராம்பாட்டா வந்துவிடும். மூன்றாம் நாள் முழுவதும் இடிபாடுகளுக்கு. நான்காம் நாள் அதிகாலையில் இறங்கி, ஆற்றைக் கடந்து, சிக்கிஸ்கா வரையுள்ள குறுகிய ஏற்றத்தை மட்டும் முடித்துத் தங்குங்கள். ஐந்தாம் நாள் விடியலில் கபுலியோக்குக்கு ஏறிவிடலாம்.

இறக்கம் எளிது என்று எண்ண வேண்டாம். இறங்கத் தொடங்குமுன் காலணிக் கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சறுக்கி நகத்தில் மோதாது. ஊன்றுகோலைச் சற்று நீட்டி, அடிகளைக் குறுக்கி வைத்து, முழங்காலை முழுதும் நீட்டி விறைக்காமல் நடக்க வேண்டும். எதிரே கோவேறு கழுதைகள் வந்தால் எப்போதும் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளப்பக்கம் நிற்பவரைக் கழுதையின் முதுகுச்சுமை இடித்துத் தள்ளிவிடும். தண்ணீர் சிக்கிஸ்காவிலும் சாந்தா ரோசாவிலும் மராம்பாட்டாவிலும் கிடைக்கும். இடையில் நம்பத்தக்க ஊற்று இல்லை என்றே கருதி மூன்று லிட்டர் சுமந்து செல்லுங்கள்.

படி 6: சோக்கெகிராவைப் பார்த்தல்

மராம்பாட்டாவிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. நுழைவுக் கட்டணத்தை வழியிலுள்ள நுழைவுச் சாவடியில் ரொக்கமாகச் செலுத்த வேண்டும்.

பலர் முதன்மைச் சதுக்கத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அது பெரும் இழப்பு. முதலில் மேலே, மலைமுகட்டை வெட்டிச் சமன்செய்து கல்வட்டம் சூழ அமைத்த சடங்கு மேடைக்கு ஏறுங்கள். உச்சியைச் சீவி மேடையாக்கியவர்களின் துணிவும், சுற்றிலும் பனிமுடி மலைகளும் கீழே அபுரிமாக்கும் ஒரே பார்வையில் விரிவதும் அங்கே நின்றால்தான் விளங்கும். பிறகு மேல் சதுக்கத்திலிருந்து கீழ் நோக்கி ஓடும் நீர்க்கால்வாயைப் பின்தொடருங்கள். குஸ்கோவில் பார்த்த, கத்திமுனையும் நுழையாத கல்லிணைப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இங்கு கிடைப்பது அடுக்கடுக்காகப் பிளக்கும் பாறை. அதைக் களிமண் சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆயினும் முக்கியக் கட்டடங்களின் வாசல்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை நிலைச்சட்டம் அமைத்திருப்பதைப் பாருங்கள். இன்கா கட்டடக்கலையில் அது உயர்தகுதியின் அடையாளம்.

மதியத்துக்கு முன் மேற்குச் சரிவில் உள்ள லாமா (ஒட்டக இன விலங்கு) படிக்கட்டு வயல்களுக்கு இறங்கிவிட வேண்டும். கரிய சுவர்களில் வெள்ளைக் கற்களைப் பதித்து லாமாக்களின் வரிசையை உருவாக்கியிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், செடிகொடிகளை அகற்றிய பிறகே இவை வெளிப்பட்டன. சுவரருகே நின்றால் வெறும் வெள்ளைக்கல்லாகத் தெரிவது, சற்றுத் தள்ளியுள்ள பார்வைமுனைக்குப் போனதும் நடக்கும் விலங்காகிறது. இன்கா கலையில் நான் கண்டவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுவே. திரும்பி ஏறக் கணிசமான நேரம் வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

வரலாற்றில் ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். 1536இல் குஸ்கோவை முற்றுகையிட்டு ஸ்பானியரை வெளியேற்ற முயன்ற இன்கா அரசர் மாங்கோ இன்கா பின்வாங்கி அரசமைத்தது இந்த வில்கபம்பா மலைகளில்தான். 1572இல் அந்த அரசின் கடைசி மன்னர் துபாக் அமாரு சிறைபிடிக்கப்பட்டுக் கொல்லப்படும் வரை இன்கா எதிர்ப்பு இங்கே உயிரோடிருந்தது. மச்சு பிச்சுவை உலகறியச் செய்த அமெரிக்கர் ஹைரம் பிங்கம் அங்கே வந்தது 1911இல். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1909இல், அவர் சோக்கெகிராவைப் பார்த்திருந்தார். நகரத்தின் பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள்ளேயே உள்ளது. ஆகவே வேலியிட்ட பகுதிகளுக்குள் நுழையவோ சுவர்களின் மேல் ஏறவோ வேண்டாம். கட்டுப்பாடற்ற இடம் என்பதாலேயே நம் பொறுப்பு கூடுகிறது.

பின்னர் சேர்த்தவை

சைவ உணவு பற்றிப் பலர் கேட்டிருந்தனர். மராம்பாட்டாவிலும் சிக்கிஸ்காவிலும் வீடுகளில் சமைத்துத் தருகிறார்கள். சோறு, உருளைக்கிழங்கு, முட்டை, கினுவா சூப் கிடைக்கும். ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி இறைச்சியாகக் கருதப்படாமல் தட்டில் வந்துவிடலாம். ‘சின் போயோ’ (கோழி இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப்பின் அடிச்சாறு கோழி எலும்பில் காய்ச்சியதாக இருக்கக்கூடும். முழுச் சைவர்கள் அவல், பருப்புப்பொடி, நிலக்கடலை கையோடு கொண்டுபோவது நிம்மதி.

அங்கிருந்தே மச்சு பிச்சு வரை நடக்கலாமா என்ற கேள்விக்கு: நடக்கலாம். யனாமா வழியாக 4,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாயைக் கடக்க வேண்டும். கூடுதல் நாட்களும் கூடுதல் உணவும் தேவை. முதல் மலைநடையாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோக்கா இலை பற்றி ஓர் எச்சரிக்கை. பெருவில் அதை மெல்வதும் தேநீராகக் குடிப்பதும் சட்டப்படி சரி. மலைவாழ் மக்களின் நெடுங்கால வழக்கமும்கூட. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அந்த இலையை வைத்திருப்பதே குற்றம். இடையில் விமானம் மாறும் பல நாடுகளிலும் நிலை இதுவே. தேநீர்ப் பை ஒன்றுகூடப் பையின் மூலையில் தங்கிவிடாமல், குஸ்கோவிலிருந்து புறப்படுமுன் எல்லா உறைகளையும் உதறிப் பார்த்துவிடுங்கள்.