ஒரு போன் போதும்: தொடக்கப்பள்ளி வகுப்புக்கான இலவச இணையக் கருவிகள்

இணையக் கருவி என்றதும் பிள்ளைக்கு ஒரு டேப்லெட் வேண்டுமே என்று பலரும் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை. மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் இருக்கும் பள்ளிகளுக்கு ஏற்ற கருவி என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஆசிரியர் கையில் உள்ள ஒரே போனில் அது வேலை செய்ய வேண்டும். கரண்டோ சிக்னலோ போனால் பாடம் நின்றுவிடக் கூடாது. ஒரே போனில் நடத்த, முதலில் கற்க வேண்டியது பிளிக்கர்ஸ்.

பிளிக்கர்ஸ்: அட்டையைத் தூக்கினால் விடை

ஒவ்வொரு பிள்ளையிடமும் கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடைக்கான எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்கும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார் என்று திரையில் வந்துவிடும்.

படி 1: பிளிக்கர்ஸ் தளத்தில் கூகுள் கணக்கால் நுழைந்து புதிய வகுப்பு ஒன்றை உருவாக்குங்கள். பெயர்களை வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே இடுங்கள். அட்டை எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தால் தினமும் பிரித்துக் கொடுக்கும்போது குழப்பம் வராது. பெயர் மட்டும் போதும். பிள்ளைகளின் படம், பிறந்த தேதி எதையும் ஏற்றாதீர்கள்.

படி 2: 40 அட்டை கொண்ட தொகுப்பைத் தரவிறக்கி ஏ4 தாளில் அச்செடுங்கள். தாளுக்கு 2 அட்டை வரும். 30 பிள்ளைகளுக்கு 15 தாள். கடலோரத்தில் வெறுந்தாள் தாங்காது. ஈரக்காற்றில் ஓரம் சுருளும், ஜன்னல் காற்றில் படபடக்கும். வளைந்த அட்டையைக் கேமரா படிக்காது. பழைய நோட்டு அட்டையில் ஒட்டி, இரவு முழுக்கப் புத்தகச் சுமைக்கு அடியில் வையுங்கள். பளபளப்பான லேமினேஷனும் கட்டத்தின் மேல் செல்லோ டேப்பும் கூடாது. வெளிச்சம் பட்டு மின்னினால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

படி 3: கேள்வி எழுதுவது. இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு 5 கேள்விகள்தான். அதுவே போதுமானது. ஆனால் தவறான விடைகளைக் கைக்கு வந்தபடி போட்டால் கருவியின் பாதிப் பயன் போய்விடும். ஒரு கழித்தல் கணக்கைப் பாருங்கள்.

கூடையில் 61 சாளை மீன். 28 விற்றுவிட்டது. மீதி எத்தனை?
ஏ) 47 பி) 33 சி) 89 டி) 43

சரியான விடை 33. 47 என்று காட்டும் பிள்ளை 1-இலிருந்து 8-ஐக் கழிக்க முடியாததால் திருப்பிப் போட்டு 8-இலிருந்து 1-ஐக் கழித்திருக்கிறது. 43 காட்டும் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும், வாங்கிய பிறகு 6-ஐ 5 ஆக்க மறந்துவிட்டது. 89 என்றால் கூட்டிவிட்டது, அதாவது கேள்வியே புரியவில்லை. மூவருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. முதல் பிள்ளைக்குக் குச்சிக்கட்டு வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு 6-ஐ அடித்து 5 என்று மேலே எழுதும் பழக்கம் போதும். மூன்றாவதோடு உட்கார்ந்து கேள்வியை வாசிக்க வேண்டும்.

படி 4: வகுப்பில் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள், புரொஜெக்டர் தேவையில்லை. போனில் செயலியைத் திறந்து, வகுப்பையும் கேள்வியையும் தேர்ந்து, கேமரா குறியைத் தொட்டு இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். முதல் சுற்றில் சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பிள்ளை விடையை மாற்றினால் புதியது பதிவாகும்.

ஒரு பிள்ளையின் விடை மட்டும் வரவில்லையா? பெரும்பாலும் விரல் கறுப்புக் கட்டத்தின் மேல் இருக்கும். ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசை முழுக்க வரவில்லையென்றால் அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கும். காலை வெயில் பின்னாலிருந்து அடித்தால் அட்டை நிழலாகிவிடும், ஆகவே வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பொடி எழுத்தைத் தேடித் திணறுவார்கள். அட்டையின் பின்புறம், அந்தந்த ஓரத்துக்கு நேராக, அதே எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுக்கலாம். பின்வரிசைக்காரர் பார்த்து எழுதும் வாய்ப்பு இதில் உண்டு, எனவே கை பழகியதும் மறைத்துவிடுங்கள்.

ஃபெட்: இணையம் இல்லாத நாளுக்கு

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது ஃபெட். கணிதம், அறிவியலுக்கான ஊடாடும் மாதிரிகள், எல்லாம் இலவசம், பல தமிழிலும் உண்டு. மாதிரியின் பக்கத்தில் மொழிபெயர்ப்புப் பட்டியலுக்குப் போய், தமிழ் என்ற வரியில் உள்ள தரவிறக்கக் குறியை அழுத்துங்கள். மேலே பெரிதாகத் தெரியும் பொத்தானை அழுத்தினால் ஆங்கிலக் கோப்பு வந்துவிடும், பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். கோப்பைப் பென்டிரைவில் போட்டு லேப்டாப்பில் இரட்டைக் கிளிக் செய்தால் இணையமே இல்லாமல் உலாவியில் ஓடும். டிவியில் நேரடியாகச் செருகினால் பொதுவாகத் திறக்காது.

பின்ன அறிமுக மாதிரியிலிருந்து தொடங்குங்கள். மூன்றில் ஒன்றைக் காட்டுங்கள். கீழ் எண்ணை 4 ஆக்கினால் துண்டு பெரிதாகுமா, சிறிதாகுமா? அழுத்துவதற்கு முன் ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும். 4 பெரிய எண் என்பதால் துண்டும் பெரிது என்று நம்பும் பிள்ளைகள் நிறைய. திரையில் சுருங்குவதைப் பார்த்த கையோடு 24 செ.மீ. தாள்பட்டையை மடிக்கச் சொல்லுங்கள். மூன்றாக மடித்தால் 8, நான்காக மடித்தால் 6. திரையில் கண்டது கையில் படாவிட்டால் மறுநாள் மறந்துபோகும்.

இன்னும் மூன்று

கூகுள் எர்த்: பாம்பன் பாலத்தைத் தேடி, அளவுகோல் குறியைத் தொட்டு, இரு முனைகளையும் தொட்டால் சுமார் 2 கி.மீ. என்று காட்டும். முதலில் ஊகிக்கவிடுங்கள். படம் பழையதாக இருந்தால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் அதில் சரியாகத் தெரியாமல் போகலாம். அதையும் சொல்லிவிடுங்கள், பாலத்தை நேரில் பார்த்த பிள்ளைகள் கேட்பார்கள். அருகிலுள்ள குருசடைத் தீவையும் தேடச் சொல்லலாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று.

ஸ்டோரிவீவர்: பிரதம் புக்ஸின் தளம், தமிழ்க் கதைகள் நிலைவாரியாக. முதல் நாளே பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள்.

ஜிகாம்பிரிஸ்: சிறுவர்களுக்கான கற்றல் விளையாட்டுகளின் தொகுப்பு. ஒருமுறை கணினியில் நிறுவினால் இணையம் வேண்டாம். மவுஸ் பிடிக்கவே தெரியாத பிள்ளைகளுக்கும் அதில் பயிற்சி உண்டு. ஒரே கணினி என்றால் ஆளுக்கு 5 நிமிடம் என்று முறை வையுங்கள், அடுத்த பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.